ஸ்டேஜ் 3 என்றால் கடைசிக் கட்டமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் ‘க்ரானிக் கிட்னி டிசீஸ், ஸ்டேஜ் 3ஏ’ என்று இருக்கிறது. ஸ்டேஜ் 3 என்றதும் அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. டயாலிசிஸ் வரைக்கும் போய்விடுமா டாக்டர்?
– வாசகி, தேனி

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். புற்றுநோயில் ஸ்டேஜ் என்றால் கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற கணக்கு. சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஸ்டேஜ் அது இல்லை, வடிகட்டும் வேலை எந்த அளவுக்கு நடக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அதே ரிப்போர்ட்டில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ என்று ஓர் எண் இருக்கும், பாருங்கள். அது 45இலிருந்து 59க்குள் இருந்தால் 3ஏ, 30இலிருந்து 44 என்றால் 3பி, 15க்குக் கீழே இறங்கினால்தான் ஸ்டேஜ் 5. டயாலிசிஸ் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் வரும். 3ஏ-யில் இருக்கும் எத்தனையோ பேர், சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்குப் போகாமலே வாழ்கிறார்கள்.

அப்புறம் அந்த ‘க்ரானிக்’. முற்றிப்போனது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது நோயின் கடுமையைச் சொல்லும் சொல்லே இல்லை, நாள்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம், சிறுநீரகத்தைப் பொறுத்தவரை 3 மாதத்துக்கு மேல் நீடிப்பது. திடீரென்று வந்தால் அது ‘அக்யூட்’. பேதியாகி உடம்பில் நீர் வற்றினால்கூட ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு சில நாள் ஏறி இறங்கும், அதனால் பழைய ரிப்போர்ட் எதுவும் இல்லையென்றால் 3 மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் கட்டாயம் பாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்கு இதை விட்டுவிடவே கூடாது.

கிரியேட்டினின் 1.1தானே, நார்மல்தானே என்று விட்டுவிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது தசையிலிருந்து வரும் கழிவு. ஒல்லியான வயதானவருக்குத் தசை குறைவு, அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் நல்லபடியாகவே தெரியும். வயது, ஆண், பெண் எல்லாம் சேர்த்துக் கணக்கிடுவதால்தான் ஈ.ஜி.எஃப்.ஆரைப் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: மார்பில் இருந்த கட்டிக்குப் பயாப்சி எடுத்தார்கள். ‘நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, காரைக்கால்

பதில்: நல்ல செய்தி அம்மா. எடுத்த சதையில் புற்றுநோய் அணு இல்லை என்று அர்த்தம். ஆய்வகத்தில் நெகட்டிவ் என்றால், தேடியது கிடைக்கவில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை டாக்டரிடம் போய்விடுங்கள், ஸ்கேனில் தெரிந்ததும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மூட்டு வலி மாத்திரைக்குப் பக்கத்தில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதியிருக்கிறது. அவசரம் என்று நினைத்து மூன்று வேளையும் போடுகிறேன், சரியா?
– வாசகர், அரியலூர்

பதில்: இல்லை ஐயா, இன்றே நிறுத்துங்கள். ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்ற லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. வலி தாங்காத நேரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாமல். ‘பி.டி.’ என்று இருந்தால் ஒரு நாளுக்கு இரண்டு வேளை, ‘எச்.எஸ்.’ என்றால் படுக்கப் போகும்போது. டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் அடிபடுவது சிறுநீரகம்தான். எத்தனை நாளாக இப்படிப் போடுகிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, ஒரு கிரியேட்டினின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.