முந்தானை ஏன் கண்ணில் படவில்லை?

கேள்வி: வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்திலேயே கடைப் பெயர், விலை, போன் நம்பர் எல்லாம் எழுதிவிடுகிறேன். ஆனாலும் "முந்தானை என்ன கலர்?" என்று கேட்கிறார்கள். அதுதான் படத்திலேயே இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, கண்தான் அங்கே போகவில்லை. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரிவது ஏறக்குறைய அந்த அகலம்தான். மிச்சமெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவித்தான் படத்தைப் பார்க்கிறது. எழுத்து இருந்தால் தாவல் அங்கே போய்விடும். முகமும் அப்படித்தான். 2009இல் வெளியான ஒரு கண்ணசைவு ஆய்வில், படத்தில் வேறொரு பொருளைத் தேடச் சொன்னபோதும் பார்த்தவர்களின் கண் இந்த இரண்டிடமும் போனது.

பளிச்சென்ற நிறத்தால்தான் எழுத்து இழுக்கிறது என்று நினைப்போம். 2012இல் வாங், பாம்ப்ளன் இருவரும் செய்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நிறத்தையும் பளிச்சையும் விட, எழுத்துக்கே உரிய கோட்டு வடிவம்தான் பெரிதாக இழுக்கிறதாம். எழுதியதற்கு அர்த்தம் இருக்கிறதா என்பதுகூட முக்கியமில்லை. பழகிய மொழியாக இருந்தால் இழுப்பு கொஞ்சம் கூடும்.

ஆக, எழுத்தை வெளிர் சாம்பலாக்கினால் மட்டும் பிரச்சினை தீராது. அப்புறம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்! நகைக்கடைப் பெயரும் பெரிய தேதியுமாக அது புடவைக்குப் பக்கத்திலேயே போட்டி போடும். படம் எடுக்கும் முன் கழற்றி வையுங்கள்.

முதல் படத்தில் ஒரு எழுத்தும் வேண்டாம், முந்தானையை விரித்துப் போட்டு எடுங்கள். விலையும் நம்பரும் படத்துக்குக் கீழே டைப் செய்தால் போதும். படத்தை யாராவது சுட்டுவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் (நியாயமான பயம்தான்) கடைப் பெயரைச் சின்னதாக, தரை தெரியும் மூலையில் போடுங்கள். ஜரிகை மேல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எழுதித்தான் தீர வேண்டும் என்றால், அந்த இழுப்பை உங்களுக்கு வேலை செய்ய வையுங்கள். முந்தானையை ஒட்டி, அதன் மேல் படாமல், "முந்தானை: அரக்கு" என்று இரண்டே சொல். எழுத்தைத் தேடி வரும் கண் முந்தானைப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.