வட்டமிடும் வெடிப்பலை

எரிபொருளைச் சுடராக எரிப்பதற்குப் பதிலாக டெட்டனேஷன் எனப்படும் வெடிப்பலையாக எரித்தால், ராக்கெட்டும் மின்நிலைய டர்பைனும் அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைப் பெறக்கூடும் என்று சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சுடராக எரிந்தாலும் வெடித்தாலும் எரிபொருள் ஆக்சிஜனோடு சேர்வதுதானே நடக்கிறது? டெட்டனேஷனை மட்டும் ஏன் தனியாகப் பிரித்துப் பேச வேண்டும்?

பதில்: வினை ஒன்றுதான், அது பரவுகிற விதம்தான் வேறு. அடுப்புச் சுடரில், எரிந்துகொண்டிருக்கும் வாயுவின் வெப்பம் பக்கத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் வாயுவுக்குள் மெல்லக் கசிந்து அதைப் பற்றவைக்கிறது. கசிவை நம்பி நகர்வதால் சுடருக்கு வேகம் குறைவு. மீத்தேனும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து அசையாமல் நிற்கும்போது, சுடர் வினாடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான் முன்னேறும். டெட்டனேஷனில் முதலில் ஓர் அதிர்ச்சி அலை ஓடுகிறது. அது வாயுவைக் கண நேரத்தில் நசுக்கிச் சூடாக்க, நசுங்கிய வாயு தானாகவே தீப்பற்றி விரிந்து, தன்னைப் பற்றவைத்த அந்த அலை தளர்ந்துவிடாமல் காக்கிறது. ஹைட்ரஜனும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் இந்த அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 2,000 மீட்டர்; அது கடந்தவுடன் அழுத்தம் ஏறத்தாழ 15 மடங்காகியிருக்கும். சாதாரணச் சுடரைக் கடக்கும் வாயுவிலோ அழுத்தம் உயர்வதில்லை. இம்மியளவு குறையவே செய்கிறது.

1881-ஆம் ஆண்டளவில் பிரான்சில் பெர்த்தெலோ, வியே ஆகிய இருவரும், தனியாக மல்லார்ட், லெ ஷாத்தலியே ஆகிய இருவரும் குழாய்களுக்குள் வாயுவைப் பற்றவைத்து ஆராய்ந்தபோது இந்த நிகழ்வு பிடிபட்டது. 1940-களில் செல்தோவிச், வான் நியூமன், டோரிங் ஆகிய மூவரும் தனித்தனியே, முன்னால் அதிர்ச்சி அலை, அதன் பின்னால் எரியும் மண்டலம் என்ற அமைப்பைக் கணக்கில் வடித்தார்கள். ஆனால் உண்மையான அலை அந்தக் கணக்கில் வருவதுபோல் வழவழப்பானதன்று. உலோகத் தகடு ஒன்றில் விளக்குக் கரியை மெல்லியதாகப் படியவிட்டு, குழாயின் உட்சுவரில் பொருத்தி, அதன்மேல் அலையை ஓடவிட்டு எடுத்துப் பாருங்கள்: மீன் செதிலைப் போன்ற கட்டங்கள் வரிசை வரிசையாகக் கரியில் கீறப்பட்டிருக்கும். அலையின் முகத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சிற்றலைகள் ஒன்றோடொன்று மோதிய புள்ளிகள் விட்டுச் சென்ற தடங்கள் அவை. ஹைட்ரஜன்-காற்றுக் கலவையில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு செதிலின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எரியறையின் இடைவெளி எவ்வளவு இருந்தால் அலை அணையாமல் ஓடும் என்பதைப் பொறியாளர்கள் இன்றும் இந்தச் செதிலை அளவுகோலாக வைத்தே முடிவு செய்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி, கரி படிந்த அந்தத் தகடுதான்.

கேள்வி: அழுத்தம் 15 மடங்கு உயர்கிறது என்றால், அத்தனையும் லாபமாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அலைக்குப் பின்னால் வாயு உடனே விரியத் தொடங்குவதால் அந்த உச்ச அழுத்தம் நிலைப்பதில்லை. கணக்கில் சேர வேண்டியது சராசரிதான். 1940-இலேயே செல்தோவிச் இதை ஆராய்ந்து, டெட்டனேஷனின் வெப்பத்திறன், மூடிய கலத்தில் கனஅளவு மாறாமல் எரிப்பதைவிடச் சற்றே மேலானது என்று காட்டினார். சாதாரணச் சுடரோடு ஒப்பிட்டால் அது சிறிய ஆதாயம் அன்று. வாயு டர்பைன் ஒன்றில், டர்பைன் தரும் வேலையில் ஏறக்குறைய பாதியைக் காற்றை அழுத்தும் கம்ப்ரசரே விழுங்கிவிடுகிறது; ராக்கெட்டிலோ எரிபொருளை உயர் அழுத்தத்தில் செலுத்தும் பம்புகள் எடையும் சிக்கலும் மிகுந்தவை. அந்த அழுத்தத்தில் ஒரு பங்கை எரிதலே தந்துவிட்டால், மிச்சமாவது சில்லறை அன்று.

கேள்வி: ராக்கெட் எஞ்சினுக்குள் அழுத்த அலை சுழன்றால் எஞ்சின் சிதறிவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, அலையை வேண்டுமென்றே சுழலவிடுவது எப்படிச் சரியாகும்?

பதில்: நீங்கள் படித்தது உண்மை. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ஐந்து ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினை உருவாக்கியபோது, எரியறைக்குள் தானாக எழுந்த அலைகள் சில எஞ்சின்களை அழித்தே விட்டன. பொறியாளர்கள் ஓடுகிற எஞ்சினுக்குள் சிறு குண்டுகளை வெடிக்கச் செய்து, எழும் அலை எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, எரிபொருள் தெளிக்கும் தட்டின்மீது தடுப்புச் சுவர்களை அமைத்தார்கள். அங்கே அலை அழையா விருந்தாளி. இங்கோ, எரியறையே அலைக்காக அமைக்கப்படுகிறது.

ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரு உருளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள வளைய வடிவச் சந்துக்குள், ஒரு முனையிலுள்ள நுண்துளைகளின் வழியே எரிபொருளும் ஆக்சிஜனும் இடைவிடாமல் நுழைகின்றன. அலை அந்தச் சந்தில் வட்டமிட்டு ஓட, அது எரித்து முடித்த இடத்தை அடுத்த சுற்றுக்குள் புதிய கலவை நிரப்ப வேண்டும். சந்தின் விட்டம் 10 சென்டிமீட்டர், அலையின் வேகம் 2,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஆறாயிரம் சுற்றுகளுக்கு மேல் வருகிறது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் வோய்த்செகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்படி ஓர் அலையைத் தொடர்ந்து சுழலவிட்டுக் காட்டினார். பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிக்கோல்ஸ் அதை ராக்கெட்டுக்குப் பயன்படுத்த முயன்றார். இடையில், குழாயை நிரப்பி வெடித்து மீண்டும் நிரப்பும் துடிப்பு எஞ்சினுக்கே கவனம் போயிற்று. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் மொஹாவியில் ஒரு சிறு விமானம் அத்தகைய எஞ்சினின் உந்துதலில் சில வினாடிகள் பறந்தது. சுழலும் வகை 2021 ஜூலையில் விண்வெளியை எட்டியது: ஜப்பான் தன் எஸ்-520-31 ஆய்வு ராக்கெட்டில் மீத்தேனும் ஆக்சிஜனும் கொண்டு அதை இயக்கிக் காட்டியது. 2023-இல் நாசா, முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினை 251 வினாடிகள் இயக்கி 5,800 பவுண்டு உந்துவிசை பெற்றது. என் கணிப்பில், விசையின் அளவைவிட அந்த 251 வினாடிகளே பெரிய செய்தி. முந்தைய பல சோதனைகள், எஞ்சின் சுவர் உருகிவிடும் என்பதால் ஓரிரு வினாடிகளில் நிறுத்தப்பட்டவை.

கேள்வி: மின்நிலையங்களில் இது எப்போது வரும்?

பதில்: ஆண்டைச் சொல்வதைவிடத் தடையைச் சொல்வதே பயனுள்ளது. வழியை மறிப்பது அலையன்று, கலவை நுழையும் துளைகள். அலை ஒரு துளையின் மேல் ஓடும்போது அங்குள்ள அழுத்தம் உள்ளே வரும் வாயுவின் அழுத்தத்தை மிஞ்சிவிடுவதால், வரத்து ஒரு கணம் நின்றுவிடுகிறது. சில வேளை எரிந்த வாயு பின்னோக்கியும் புகுந்துவிடுகிறது. அதைத் தடுக்கத் துளையைக் குறுக்கினால், அதன் வழியே வாயுவைத் தள்ளுவதிலேயே அழுத்தம் செலவாகி, அலை ஈட்டித் தந்ததைத் துளை தின்றுவிடுகிறது. அதோடு, டர்பைன் தகடுகள் சீரான ஓட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சந்திக்கும்போது அவற்றின் திறன் குறைகிறது. ஆகவே, அலை எத்தனை சுற்றுச் சுற்றியது என்று பெருமையாகச் சொல்லும் சோதனை அறிக்கை ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், துளைகளுக்கு முன்னால் வாயுவுக்கு இருந்த அழுத்தத்தையும் எரியறையைவிட்டு வெளியேறும்போது இருந்த மொத்த அழுத்தத்தையும் (ஓடும் வாயுவை இழப்பின்றி நிறுத்தினால் எட்டும் அழுத்தம் அது) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கமான எரியறையில் பின்னது முன்னதைவிடச் சில சதவீதம் குறைவாகவே இருக்கும். சுழல் அலை எரியறைகளிலும் இதுவரை வெளியான அளவீடுகளில் பெரும்பாலானவை குறைவாகவே காட்டியிருக்கின்றன. அந்த இழப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறதா என்பதைத்தான் நானும் கவனித்து வருகிறேன்.