நிறுத்திய அணு உலைக்கு ஏன் இத்தனை தண்ணீர்?

உலைகள் நின்ற பிறகும் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மாதக்கணக்கில் ஏன் தண்ணீர் செலுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலூரில் சித்திரை வெயில் தாழ்ந்த பிறகும் மொட்டை மாடி வெறுங்காலைச் சுடும். நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் ஆறிவிடும், ஏனென்றால் அது பகலில் வாங்கிய சூடு. அணு எரிபொருளோ தனக்குள்ளேயே புதிதாகச் சூட்டை உண்டாக்குகிறது. அணுக்கள் பிளப்பது நின்றாலும் அதில் பிறந்த கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்திறனில் சுமார் 6 சதவீதம், ஒரு நாளில் 1 சதவீதத்துக்கும் கீழே. அதுவே பல மெகாவாட், அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

2011 மார்ச் 11 சுனாமியில், குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் தரவேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. உப்பு உலோகத்தை அரிக்கும் என்று தெரிந்தே, தீயணைப்பு வண்டிகளைக் கொண்டு கடல்நீரைச் செலுத்தினார்கள். பிறகு நன்னீர்; ஏற்கெனவே உலைக் கட்டடங்களில் வெடித்த ஹைட்ரஜன் வாயு மீண்டும் வெடிக்காதிருக்க நைட்ரஜன். வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே நிலைத்துவிட்டதாக அறிவிக்க டிசம்பர் ஆகிவிட்டது.