நிருபரிடம் எதை, எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு (40 கிலோ நெல் மூட்டைக்கு) ஒரு கிலோ கூடுதலாகப் பிடிக்கிறார்கள். 'உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்' என்று அழைத்த ஒரு நாளிதழுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பதிலே இல்லை. ஏன்?
- வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: 'கொள்ளையடிக்கிறார்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் நிருபருக்குப் பிடி கிடைக்காது. எந்த நிலையம், என்ன தேதி, எத்தனை சிப்பம், தராசு காட்டியது எவ்வளவு, ரசீதில் இருப்பது எவ்வளவு, இத்தனையும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். ரசீதை நாலு மூலையும் தெரியப் படமெடுத்துச் சேருங்கள்.

பலர் சறுக்குவது சாக்கில்தான். 40 கிலோ என்பது நெல்லின் எடை. சணல் சாக்கே அரைக் கிலோவைத் தாண்டும். தராசில் 40.6 என்று பார்த்ததும் மோசடி என்று எழுதினால், 'அது சாக்கு எடை' என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார்கள்.

ஆகவே வீடியோவை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்: பெயர்ப் பலகை, காலித் தராசில் பூஜ்யம், வெறுஞ்சாக்கு, பிறகு நெல் கட்டிய சிப்பம். மூன்று சிப்பமாவது வேண்டும். ஒன்றென்றால் கைத்தவறு என்பார்கள். அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்களை உதிர்த்துவிடும். சரிபார்க்கிறவருக்கு வேண்டியதே அதுதான். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் பெயர் வெளியே வராது என்று நம்பலாமா?
- வாசகி, திருவாரூர்

பதில்: பேசத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு 'பேரு போட்றாதீங்க' என்றால், கேட்பதும் கேட்காததும் அவர் மனசு. பெயர் மட்டும் வேண்டாமா, ஊரும் வேண்டாமா, தகவலே அச்சேறக் கூடாதா என்று பிரித்துச் சொல்லுங்கள். சின்ன ஊரில் 'மூன்று ஏக்கர் பெண் விவசாயி' என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

சட்டத்தை ரொம்ப நம்ப வேண்டாம். தகவல் தந்தவர் யாரென்று சொல்லும்படி நிருபரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1978-ம் ஆண்டு பிரஸ் கவுன்சில் (பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) சட்டத்தின் 15(2) பிரிவு. ஆனால் அது அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும், நீதிமன்றத்துக்குப் பொருந்தாது. இன்னொன்று, 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எடுத்த இடமும் கூடவே போகும். பெயர் வேண்டாதவர்கள் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுக்கவும்.

கேள்வி: வாசகர்களிடம் தகவல் கேட்டால் வசவும் வாழ்த்தும்தான் வருகின்றன. எப்படிக் கேட்பது?
- பயிற்சி நிருபர், மதுரை

பதில்: கருத்தைக் கேட்டால் கருத்துதான் வரும். 2009-ல் பிரிட்டிஷ் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு, 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், கார்டியன் இதழின் கைக்கு வந்தது. இணையத்தில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, 'சுவாரஸ்யமில்லை' தொடங்கி 'இதை விசாரியுங்கள்' வரை நாலு பொத்தான் வைத்தார்கள். முதல் 80 மணி நேரத்தில் சுமார் 1,70,000 பக்கங்களை வாசகர்களே பார்த்து முடித்தார்கள். 2010-ல் தொடங்கிய சத்தீஸ்கரின் சிஜிநெட் ஸ்வரா என்ற போன்வழிச் செய்திச் சேவைக்கு எழுத்தே தேவையில்லை: போனில் 1-ஐ அழுத்தினால் பேசிப் பதியலாம், 2-ஐ அழுத்தினால் பிறர் பேசியதைக் கேட்கலாம்.

நீங்களும் 'ரேஷன் கடை எப்படி இருக்கிறது' என்று கேட்காமல், 'இந்த மாதம் துவரம்பருப்பு என்றைக்கு வந்தது, என்றைக்குத் தீர்ந்தது' என்று கேளுங்கள். பதிலோடு போன் நம்பரும் வாங்குங்கள். கூப்பிடுவது இரவு எட்டு மணிக்கு மேல் இருக்கட்டும்; பகலில் வயலில் நிற்பவர் எடுக்கமாட்டார்.