இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ எங்கே இருக்கிறது? அங்கே மக்கள்தொகை ஏன் இவ்வளவு குறைந்தது?

எகிப்துத் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது அமெரிக்காவில், இல்லினாயின் தென்கோடி ஊர். ஒஹாயோ ஆறு மிசிசிப்பியில் கலக்கும் முனையில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தாழ்நிலம். அதனால் சுற்றிலும் கரை எழுப்பியிருக்கிறார்கள். வடக்கே ஊருக்குள் நுழையும் சாலைக்கு மேலே ஒரு ராட்சத இரும்புக் கதவு இருக்கிறது. வெள்ளம் மிஞ்சினால் அதை இறக்கிச் சாலையையே அடைத்துவிடலாம். 2011 மே மாதம் ஆறு அதையும் மீறும் நிலை வந்தது. ராணுவப் பொறியாளர்கள் எதிரே மிசௌரி மாநிலப் பக்கத்துக் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊர் தப்பியது, அங்கே சுமார் 1,30,000 ஏக்கர் விளைநிலம் மூழ்கியது.

சரி, மக்கள்தொகை? 1920 கணக்கெடுப்பில் 15,203 பேர், 2020இல் வெறும் 1,733. பழியை வெள்ளத்தின் மேல் போடுவது சுலபம், ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ரயில் பாலங்களும் நெடுஞ்சாலைகளும் வந்ததும் படகுத் துறை வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் நிறவெறி. கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்க மறுத்த கடைகளை அவர்கள் 1969 முதல் ஆண்டுக்கணக்கில் புறக்கணித்தார்கள். பல கடைக்காரர்கள் மனம் மாறுவதற்குப் பதிலாகக் கடையையே மூடினார்கள். வேலை போனது, ஆட்களும் போனார்கள். 2017இல் பாழடைந்த அரசுக் குடியிருப்புகளை மூடுவதாக அறிவித்தபோது நூற்றுக்கணக்கானோர் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. இன்று மிஞ்சியிருப்பவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரே.