தவிட்டுப்பழம்: பிடுங்க வேண்டாம், விதை போடுங்கள்

கேள்வி: எஸ்டேட் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. சின்ன வயதில் பறித்துத் தின்ற தவிட்டுப்பழம் இப்போது கண்ணிலேயே படுவதில்லை. மேட்டில் மிச்சமிருந்த ஒரு செடியை வேரோடு தோண்டி வந்து வைத்தோம், தினம் தண்ணீர் விட்டும் காய்ந்துவிட்டது. வேறு வழி உண்டா ஐயா?
- வாசகி, தேவிகுளம்

பதில்: தண்ணீர் மேல் பழி போடாதீர்கள் அம்மா. வளர்ந்த புதரைத் தோண்டும்போது தடித்த வேர்தான் கூட வரும், நீர் உறிஞ்சுகிற மெல்லிய வேரெல்லாம் அறுந்து அங்கேயே தங்கிவிடும். அப்புறம் எவ்வளவு ஊற்றி என்ன? அங்கே மிச்சமிருந்ததும் போனதுதான் பலன்.

விதைதான் நல்ல வழி. பழம் நன்றாகக் கறுத்து, தொட்டால் மெத்தென்று அமுங்குகிற பதத்தில் நாலைந்து போதும். காப்புக்காட்டில் கை வைக்காமல், பட்டா நிலத்தில் செடி வைத்திருக்கிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள். மசித்து, டீ வடிகட்டியில் போட்டு, சதை போகும்வரை அலசினால் பொடிப்பொடியாக விதை நிற்கும். காயவைத்து டப்பாவில் பூட்டாமல் அன்றைக்கே விதையுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். இவ்வளவு சின்ன விதைக்கு மண்ணை முட்டிக்கொண்டு வர வலு கிடையாது, மேலாகத் தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். செம்மண், ஆற்றுமணல், மக்கிய இலை கலந்த தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். முளைக்க ஒன்றரை மாதம், உங்கள் குளிருக்கு இன்னும் கூட ஆகலாம், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

நாலு இலை விட்டதும் பாலித்தீன் பைக்கு மாற்றி, அடுத்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கும்போது நிலத்தில் நடுங்கள். முழு வெயில் வேண்டும், கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரத்தடி ஆகவே ஆகாது. இது புளிப்பு மண் கேட்கிற செடி, தேயிலை வருகிற இடத்தில் தானாக வரும். அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பதியன் குச்சியும் போடலாம்தான், பத்தில் ஒன்றிரண்டு வேர் பிடித்தாலே அதிர்ஷ்டம் என்பேன். வேடிக்கை என்னவென்றால், ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இதே இனம் களையாகப் பரவி ஒழிக்கப் பாடுபடுகிறார்கள்!

கேள்வி: ஹோம்ஸ்டே வாசலில் நீலக்குறிஞ்சி வைக்க ஆசை. ஒருவர் நாற்று தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா?
- வாசகர், மூணாறு

பதில்: வேண்டவே வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் இருக்கிறது. பிடுங்குவது மட்டுமல்ல, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் கூடக் குற்றம். நாற்றுக்காரர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், மாட்டிக்கொள்வது நீங்கள். சரி, சட்டத்தை விடுங்கள், 2018-இல் பூத்தது அடுத்து 2030-இல்தான் பூக்கும், பூத்து விதை விட்டதும் செடியே பட்டுப்போகும். வருகிற விருந்தாளிக்கு வெறும் பச்சைப் புதரையா காட்டுவீர்கள்? மேலே சொன்ன தவிட்டுச் செடியை வையுங்கள், வருஷா வருஷம் ரோஸ் நிறத்தில் பூக்கும், பழமும் உண்டு.

கேள்வி: பாலக்காடு சித்தூரில் தவிட்டுப்பழம் வருமா?
- வாசகர், சித்தூர்

பதில்: வெயிலை விட உங்கள் பக்கத்துக் கரிசல் மண்தான் இடைஞ்சல். பெரிய தொட்டியில் செம்மண்ணும் இலைமக்கும் போட்டு முயன்று பாருங்கள். போர்வெல் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருந்தால் இலை மஞ்சளாகும், மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.