உதவி பெற்றவர்களும் பேச வேண்டும்

வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் ஆசிரியராக இருக்கிறேன். சொந்த ஊர் வடக்கில் கிளிநொச்சி மாவட்டத்தின் பளை. போன மாதம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் உலகக் குடிமை (நாட்டு எல்லை தாண்டி உலகத்துக்கும் பொறுப்பேற்பது), சர்வதேச அபிவிருத்தி பற்றி நடந்த கருத்தரங்குக்குப் போனேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஆங்கிலம்தான். எங்கள் உயர்தர மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேசும்படி ஏற்பாட்டாளர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் 2022இல் கையை விரித்த நாடு இது. எங்கள் பெரியம்மாவின் காணியில் மிதிவெடி எடுத்ததும் வெளிநாட்டுக் காசில்தான். வாங்கியே பழகிய நாம் உலகக் குடிமை பற்றி எந்த வாயால் பேசுவது?

வாசகர் ஒருவர், கொழும்பு 6

அன்புள்ள நண்பருக்கு,

பேசுங்கள். பெரியம்மாவின் காணியிலிருந்தே தொடங்குங்கள்.

1992இல் ஆறு அரச சார்பற்ற அமைப்புகள் சேர்ந்து மிதிவெடிகளைத் தடைசெய்யக் கோரும் இயக்கத்தைத் தொடங்கின. வல்லரசுகளின் ஆதரவு அதற்கு இருக்கவில்லை. அதன் முயற்சியால் பிறந்த மிதிவெடித் தடை உடன்படிக்கையில் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இன்றுவரை சேரவில்லை. இயக்கத்துக்கு வலுச் சேர்த்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். கம்போடியாவில் மிதிவெடியில் இரு கால்களையும் இழந்த துன் சன்னரெத் அவர்களுள் ஒருவர். அவரைப் போன்றவர்கள் நாடு நாடாகப் போய்த் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே சொன்னார்கள். கேட்டவர்கள் தத்தம் அரசுகளை நெருக்கினார்கள். 1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் அந்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசும் இந்த இயக்கத்துக்குக் கிடைத்தது. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது.

துன் சன்னரெத்தும் உதவி பெற்ற நாட்டுக்காரர்தான். வாங்கியவன் வாய் திறக்கக் கூடாது என்று அவர் நினைத்திருந்தால்? அதோடு, பளையிலும் பக்கத்து முகமாலையிலும் மிதிவெடி எடுக்கக் காசு வெளியிலிருந்து வந்திருக்கலாம். வெயிலில் மண்டியிட்டு மண்ணைக் கிளறியவர்களில் நம் வன்னிப் பெண்கள் எத்தனை பேர்! அந்த உழைப்பை விட்டுவிட்டு 'வாங்கியவர்கள்' என்று மட்டும் நம்மைச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்று அந்தக் குரலுக்குத் தேவை கூடியிருக்கிறது. பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்து நாடுகளும் உடன்படிக்கையிலிருந்து விலக 2025இல் முடிவெடுத்தன. ரஷ்யாவை எல்லையில் வைத்துக்கொண்டு அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புதைப்பது ஒரு நாள் வேலை. நமது போர் 2009இல் முடிந்தது. முகமாலையில் மிதிவெடி எடுக்கும் வேலை அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. அவ்வளவு காலம் தன் காணிக்குள் கால் வைக்க முடியாமல் இருப்பது எப்படி என்று பின்லாந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியவர் உங்கள் பெரியம்மா. அவர் சம்மதித்தால் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். மாணவர்கள் அவர் சொல்வதை எழுதட்டும். நீங்கள் மொழிபெயர்த்து அங்குள்ள பள்ளி ஒன்றுக்கு அனுப்புங்கள். ஒரு கருத்தரங்கைவிட இது பெரிய வேலை என்று உண்மையாகவே நம்புகிறேன்.

ஆங்கிலம் பற்றிய உங்கள் மனக்குறை சரியானது. 1950 ஜனவரியில் கொமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் இதே நகரில் கூடியதிலிருந்துதான் ஆசிய நாடுகளின் அபிவிருத்திக்கு உதவும் கொழும்புத் திட்டம் பிறந்தது. அமைச்சர்களும் நிபுணர்களும் தமக்குள் பேசி முடிக்கும் வழக்கம் அவ்வளவு பழையது. கூட்டத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்தினால்தான் வருவேன் என்று ஏற்பாட்டாளர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களோடு நிற்கவில்லை. வெளிநாட்டு அரசுகளின் அல்லது சர்வதேச அமைப்புகளின் கணிசமான நிதியில் மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, அதற்குள் வருகின்றன. தம் ஊரின் பெயரால் வந்த பணம் எதற்குச் செலவானது என்று எந்தக் குடிமகனும் எழுத்தில் கேட்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். முதல் விண்ணப்பத்தை மாணவர்களோடு சேர்ந்து தமிழிலேயே எழுதிப் பாருங்கள்.

அன்புடன்.